கத்தி வைக்கும் முன் படத்தைப் பார்த்திருக்கலாம்

தரமணிப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் புராஜெக்ட் செய்கிறேன். எலியின் கரு ஸ்டெம் செல்கள் எல்லா வகைத் திசுவாகவும் மாறுமா என்று சோதிக்க ஒரு பழைய வழி உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாத எலியின் தோலுக்கடியில் அவற்றைச் செலுத்தி, டெரட்டோமா என்ற கட்டியை வளர விடவேண்டும். சினைப்பைக் கட்டிக்குள் முடியும் பல்லும் இருந்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே இனம்தான். கரு முதலில் மூன்று அடுக்காகப் பிரியும்: புறப்படலம் (நரம்பு, தோல் ஆவது), நடுப்படலம் (எலும்பு, தசை ஆவது), அகப்படலம் (குடல் ஆவது). இந்த மூன்று கருப்படலங்களின் திசுவும் உள்ளே இருந்தால் செல் பாஸ்.

விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டு பாரம் பி நிரப்பியது தனிக்கதை. விடுங்கள்.

ஊசி போட்டது மே மாதம். செல்களைக் கலக்கும் மேட்ரிஜெல் என்ற கூழ் ஐஸில் இருக்கும்வரை திரவம், சூடு ஏறினால் அல்வா. சிரிஞ்ச், ஊசி, பிப்பெட் டிப் எல்லாவற்றையும் முந்தின இரவே ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். செல் அறைக்கும் எலிக்கூடத்துக்கும் நடுவில் திறந்த வராண்டா. தெர்மோகோல் பெட்டியோடு ஓடியதைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன் ஐஸ்கிரீமா என்று கேட்டார். எலிக்கு 10 லட்சம் செல், 100 மைக்ரோலிட்டரில்.

மூன்றாம் வாரம் மிளகளவு, ஐந்தாம் வாரம் அரைநெல்லிக்காய். அல்ட்ராசவுண்டில் கறுப்புக் குழிகள் தெரிந்தன, அவை நீர்ப்பைகள். மைக்ரோ சி.டி. ஸ்கேனில் வெள்ளைப் பொட்டுகள், அவை எலும்பு. படங்கள் அழகாக இருந்ததால் பிரசன்டேஷனில் ஒட்டிவிட்டு அத்தோடு மறந்துவிட்டேன். கோட்டை விட்டது அங்கேதான்.

முதல் கட்டியை எடுத்ததும் நடுவில் ஒரே வெட்டு. நீர்ப்பை உடைந்து சுருங்கியது. திசுவை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் சீவினால் எலும்புத் துணுக்கு பிளேடில் மாட்டி, நாடாவாக வரும் சீவல் முழுக்கக் கீறல். போதாததற்கு நம்ம ஊர் ஈரக்காற்று. மூடி சரியாகப் போடாத ஆல்கஹால் தண்ணீரை இழுத்துக்கொள்ள, அதிலிருந்து ஸ்லைடை அடுத்த திரவமான சைலீனுக்கு மாற்றியதும், தண்ணீரோடு கலக்காத அது பால் மாதிரி கலங்கியது. கடைசியில் நரம்பு ரோசெட் (பூ மாதிரி வட்டமாக நிற்கும் நரம்புத் திசு) இருந்தது, குருத்தெலும்பு இருந்தது. அகப்படலத் திசு மட்டும் எங்குமே இல்லை. செல் ஃபெயில் என்று எழுதவேண்டிய நிலை.

பெத்தாலஜி மேடம் ஸ்லைடைப் பார்த்தார், பிறகு படத்தைக் கேட்டார். “இதைப் பார்த்துட்டுத்தானேம்மா வெட்டணும்? குடல் மாதிரி எபிதீலியம், அதான் உள்பக்கச் செல் படலம், பெரும்பாலும் நீர்ப்பைச் சுவத்துலதான் ஒட்டிட்டு இருக்கும். நீ சுவத்தையே இடிச்சுட்டு வந்து வீட்டைக் காணோம்கிறே.”

இரண்டாவது கட்டியை உடலிலிருந்து பிரிக்கும் முன்பே, படத்தோடு திசையைப் பொருத்திப் பார்க்க, தலைப்பக்கம் கறுப்பு மை, தோல்பக்கம் மஞ்சள் மை வைத்தேன். திசு கெடாமலிருக்க முழுசாக ஃபார்மலினில் போட்டு, பிறகு எலும்பு இளக இரண்டு வாரம் ஈ.டி.டி.ஏ. கரைசல். எல்லாரும் அவசரப்படுத்தினார்கள், அமிலத்தில் போட்டால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் பிறகு ஆன்டிபாடிச் சாயம் (குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் காட்டுவது) ஒழுங்காகப் பிடிக்காது. மெழுகில் பதிக்கும்போது கறுப்பு மை பிளேடை நோக்கி. மெழுகுக் கட்டியை ஐஸில் குளிரவைத்து 5 மைக்ரான் தடிமனில் சீவி, 100 மைக்ரானுக்கு ஒரு ஸ்லைடு எடுத்தேன். படத்தில் பெரிய நீர்ப்பை கறுப்பு முனையிலிருந்து 3 மில்லிமீட்டரில் இருந்ததால் 30-ஆவது ஸ்லைடில் எதிர்பார்த்தேன். மெழுகேற்றும்போது திசு சுருங்கும் என்பதை மறந்திருந்தேன். 26-இலேயே வந்துவிட்டது.

சுவரோரம் நெட்டையான செல்கள் வரிசையாக நின்றன. நடுநடுவே கோப்பை போன்ற செல்கள். கோழையை நீலமாக்கும் ஆல்சியன் ப்ளூ சாயம் போட்டதும் அந்தக் கோப்பைகள் மட்டும் பளிச்சென்று நீலமாயின. மேடம் நிமிராமலே, “குடல்தான்” என்றார்.

அதே ஸ்லைடின் மூலையில் அடர்ந்த, கருத்த செல்கூட்டம் ஒன்றும் இருந்தது. மாறாமலே தங்கிவிட்ட ஸ்டெம் செல்லாக இருக்கலாம், ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதமான ஆக்ட்4-க்கு ஆன்டிபாடிச் சாயம் போட்டுப் பார் என்றார். திரும்பிப்போய் அல்ட்ராசவுண்ட் படத்தில் அந்த இடத்தைத் தேடினேன். சுற்றியிருந்த சாம்பலோடு சாம்பலாகத்தான் தெரிந்தது. ஆன்டிபாடிக்கு ஆர்டர் போட்டிருக்கிறோம்.