1911 கணக்கில் ‘இறந்தவை 2’: வால்தம்ஸ்டோவில் அந்தக் குழந்தைகளைத் தேடிய வழி

இங்கிலாந்தில் 1911 ஏப்ரல் 2 அன்று எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், மணமான பெண்களின் பேருக்கு எதிரே மூன்று எண்கள் இருக்கும். உயிரோடு பிறந்த பிள்ளைகள், இருப்பவர்கள், இறந்தவர்கள். நாங்கள் தேடிய வால்தம்ஸ்டோ குடும்பத்துக்கு 7, 5, 2. இறந்த அந்த இரண்டு குழந்தைகள் யார் என்பதுதான் கேள்வி. மணமாகி 12 ஆண்டு. விதவைகள் இதை நிரப்ப வேண்டியதில்லை. சிலர் நிரப்பியிருப்பார்கள், அலுவலர் அதைச் சிவப்பு மையில் அடித்திருப்பார். அடித்ததையும் விடாமல் படியுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது ஊர்ப்பெயரில்தான். லண்டனுக்கு வடகிழக்கே உள்ள வால்தம்ஸ்டோ 1894 முதல் 1929 வரை தனி நகர்ப்புற மாவட்டம். ஆனால் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு அது வெஸ்ட் ஹாம் பதிவு மாவட்டத்தில் அடங்கியது. பதிவுகளைத் தேட உதவும் பெயர் அட்டவணையில் ‘வெஸ்ட் ஹாம், 4ஏ’ என்றே வரும்; 4ஏ என்பது தொகுதி எண். லேட்டன், ஈஸ்ட் ஹாம் பதிவுகளும் அதே தலைப்பில் கலந்திருக்கும்.

அதனால் குடும்பப்பெயர் மட்டும் போதாது, தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயரும் வேண்டும். அதற்கு முதலில் பெற்றோரின் திருமணம். 1912க்கு முந்தைய திருமண அட்டவணையில் துணையின் பெயர் இல்லை. ஒரு பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு திருமணங்கள், அதாவது நான்கு பெயர்கள். இருவருக்கும் காலாண்டு, தொகுதி, பக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். யார் யாரை மணந்தார் என்பதைச் சான்றிதழ்தான் முடிவாகச் சொல்லும்.

அடுத்து பிறப்பு. பழைய அச்சு அட்டவணையில் தாயின் குடும்பப்பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்து, அதாவது ஜூலை முதல் செப்டம்பர் வரையான பதிவுகளிலிருந்துதான் உண்டு. ஜி.ஆர்.ஓ. எனப்படும் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் சேர்த்திருக்கிறார்கள். நாங்கள் தேடியபோது ஒரு தேடலுக்கு முன்பின் இரண்டு ஆண்டுதான், ஆண் பெண் தனித்தனி. 1901, 1906, 1911 என்று போட்டால் 1899 முதல் 1913 வரை அடங்கிவிடும். மொத்தம் ஆறு தேடல். கணக்கில் உள்ள ஐவரையும், கணக்கெடுப்புக்குப் பின் பிறந்தவர்களையும் கழித்தால் மிஞ்சுபவர்களே நாம் தேடும் குழந்தைகள். பெயர் வைக்குமுன் இறந்த சிசு வெறும் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று இருக்கும். பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்தது அடுத்த மார்ச் காலாண்டில் வரலாம்.

இறப்பு அட்டவணையில் பெற்றோர் பெயர் கிடையாது, வயது மட்டும். இங்கேதான் தவறான சான்றிதழை வாங்கி வீண்செலவு நேரும். ஆறு மாதக் குழந்தை சில பதிவுகளில் ஆறு வயது என்று ஏறியிருக்கிறது, ஆகவே 0 வயதோடு நிறுத்தாதீர்கள். சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் அதே பெயர் இருப்பதும் சகஜம். சான்றிதழ் வந்ததும் தொழில் கட்டத்தைப் பாருங்கள்: குழந்தையானால் ‘இன்னாரின் மகன், அவர் தச்சர்’ என்று தகப்பன் பெயரும் தொழிலும் இருக்கும். அதையும் முகவரியையும் கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். இதற்கு பி.டி.எஃப். நகலே போதும், விலையும் குறைவு.

பிறப்புச் சான்றிதழில் அறியாத தெரு முகவரி இருந்தால் வரைபடத்தில் பாருங்கள். 1904 முதல் ஏழை விடுதியில் பிறந்த குழந்தைக்கு அவப்பெயர் ஒட்டக்கூடாது என்று விடுதியின் பெயரை விட்டுத் தெருவை மட்டும் எழுதினார்கள். நல்ல காரியம் அது.

எண்ணிக்கை இன்னும் இடித்தால், இறந்தே பிறந்த குழந்தையையும் தாய் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதற்கு 1927 ஜூலை வரை அரசுப் பதிவே கிடையாது. குவீன்ஸ் ரோடு கல்லறைத்தோட்டம் போன்ற இடங்களின் அடக்கப் பதிவேடுதான் மிச்சம். பொதுக்குழியானால் கல் இருக்காது. குழி எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.