காசு கொடுத்து வாங்கிய பிளகின் 'திருட்டு நகல்' என்று நின்றபோது

மைன்கிராஃப்ட் சர்வரை 1.20.4-லிருந்து 1.20.6-க்கு ஏற்றினேன். முதல் ஸ்டார்ட்டிலேயே, காசு கொடுத்து வாங்கிய கடை பிளகின் (சர்வரில் கடை வசதியைச் சேர்க்கும் துணை நிரல்) 'லைசென்ஸ் செல்லாது' என்று சிவப்பில் எழுதிவிட்டுத் தானாக நின்றுவிட்டது. அதை நம்பி ஓடும் ஏல பிளகினும் கூடவே விழுந்தது. கன்சோல் முழுக்க ஏல பிளகினின் பெயர்தான், அதனால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றே தோன்றியது.

சோதனை சர்வரில் கடை பிளகினை மட்டும் தனியாகப் போட்டேன். அங்கும் அதே பாட்டு. அப்புறம்தான் ஏல பிளகின் மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. லைசென்ஸ் சாவி சரியாக இருந்தது, இணைய இணைப்பும் இருந்தது.

பிழை வரிகளைப் படித்தால் ஒன்றும் புரியாது. களவைத் தடுக்க, நிரலின் பகுதிகளான வகுப்புகளின் (கிளாஸ்) பெயர்களை எல்லாம் ஏ, பி என்று ஒற்றை எழுத்தாக்கி வைத்திருந்தார்கள். மறைக்காமல் விட்டது ஃபைல் இருக்கும் பாதையை மட்டும்தான். பிளகின் ஏறியது நான் வைத்த இடத்திலிருந்து அல்ல, '.பேப்பர்-ரீமேப்ட்' என்ற உள் ஃபோல்டரிலிருந்து.

என் சர்வரை ஓட்டும் மென்பொருள் பேப்பர். 1.20.5 முதல் அது, மைன்கிராஃப்டை உருவாக்கிய மொஜாங் நிரலுக்குள் வைத்த பெயர்களோடே ஓடுகிறது. ஸ்பிகாட் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளின் பழைய பெயர்களில் எழுதிய பிளகின் வந்தால், நான் ஏற்றிய பதிப்பு பெயர்களை மாற்றி எழுதிய ஒரு நகலை அந்த ஃபோல்டரில் வைத்து, அதைத்தான் ஓட்டுகிறது. இரண்டு ஜார்களின் (பிளகின் ஃபைல்களின்) ஷா-256 மதிப்பையும், அதாவது ஃபைலின் கைரேகை மாதிரியான எண்ணை, எடுத்துப் பார்த்தேன்: வேறு வேறு. தன் ஃபைலில் யாராவது கை வைத்தார்களா என்று பிளகின் பார்க்கிறது, வைத்தது சர்வரே.

மொஜாங் பெயர்களில்தான் எழுதியிருக்கிறேன் என்று ஜாரின் மேனிஃபெஸ்டில் (உள்ளே இருக்கும் விவரக் குறிப்பு ஃபைலில்) ஒரு வரி இருந்தால் பேப்பர் அதைத் தொடாது. அந்த வரியை நானே சேர்க்கலாமென்றால், சேர்த்ததுமே ஃபைல் மாறிவிடுமே! சேர்த்தாலும் உள்ளே இருப்பவை பழைய பெயர்கள்தான். பெயர் மாற்றுவதையே மொத்தமாக நிறுத்தும் ஜாவா ஃபிளாக் (சர்வரை ஸ்டார்ட் செய்யும்போது கொடுக்கும் அமைப்பு) ஒன்று உண்டு. ஆனால் அது எல்லா பிளகினுக்கும் சேர்த்து. பழைய பெயர்களை நம்பும் மற்றவை விழுந்துவிடும்.

பாதுகாப்பை உடைத்த நகலைப் போட்டுக்கொள்ளச் சிலர் சொன்னார்கள். யாரோ பின்கதவு வைத்திருக்கக்கூடிய ஜாரை என் சர்வரில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

கடை பிளகினின் டெவலப்பருக்கு இரண்டு ஷா மதிப்புகளையும், ஸ்டார்ட் ஆகும்போது வந்த லாக்கையும், பேப்பரின் பில்ட் எண்ணையும் அனுப்பினேன். லாக்கில் லைசென்ஸ் சாவி அப்படியே கிடந்தது, அதை மட்டும் அழித்துவிட்டேன். மொஜாங் பெயர்களில் கட்டிய புதிய ஜார் வந்தது. அதைப் போட்டதும் கடை பிளகின் ஏறியது; ஏல பிளகினில் எதையும் தொடவில்லை, அதுவும் ஓட ஆரம்பித்துவிட்டது.