எல்லாவற்றுக்கும் 30 நாள்

கோவையில் எங்கள் பம்ப் கம்பெனியில் எஸ்ஏபி (கொள்முதல், சரக்கு, கணக்கு எல்லாம் ஓடும் சாஃப்ட்வேர்) போட்டபோது, ஒவ்வொரு பொருளின் விவரத்தையும் அதில் ஏற்றுவதற்கான மெட்டீரியல் மாஸ்டர் எக்செல் தாளை நிரப்பியவர்களில் நானும் ஒருவன். டெலிவரிக்கு எத்தனை நாள் என்ற கட்டத்தில் 30 என்று அடித்துக் கடைசி வரிசை வரை இழுத்துவிட்டேன். பக்கத்து ஃபவுண்டரியில் வார்த்துத் தரும் காஸ்டிங்குக்கும் 30, பம்பில் கசிவைத் தடுக்க சீனாவிலிருந்து கப்பலில் வரும் சீலுக்கும் 30. அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். அந்த அப்புறம் வர இரண்டு வருஷம் ஆனது.

அதற்குள் ஸ்டோர்ஸில் கால் வைக்க இடமில்லாமல் காஸ்டிங் குவிந்தது, சீல் இல்லாமல் அசெம்பிளி நின்றது. எதை எப்போது ஆர்டர் போட வேண்டும் என்று எஸ்ஏபிக்குள் கணக்குப் போடும் எம்ஆர்பியை ஆளாளுக்குத் திட்டினார்கள். பாவம், அது தேவைப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது, நாம் கொடுத்த எண்ணைத்தான் எண்ணும்.

திருத்த உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, சப்ளையருக்கான நாட்கள் ஞாயிறும் சேர்த்த காலண்டர் நாட்கள், ஆனால் சரக்கு வந்தபின் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாம் தரும் நாட்கள் ஃபேக்டரி காலண்டர்படி வேலை நாட்கள். ஜனவரி 20 திங்கட்கிழமை சீல் வேண்டும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு 3 நாள் என்றால், ஞாயிறையும் பொங்கல் லீவு 14, 15, 16-ஐயும் தள்ளிவிட்டு 13-ஆம் தேதியே சரக்கு உள்ளே வந்திருக்க வேண்டும். எஸ்ஏபியில் இருந்த எங்கள் காலண்டரில் பொங்கலை யாருமே ஏற்றவில்லை, அதனால் 16-ஆம் தேதி வந்தால் போதும் என்று எம்ஆர்பி சொன்னது. அன்றைக்கு கேட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார், அவரும் கரும்பு கடித்துக்கொண்டு.

சரி, சரியான எண்ணை யாரிடம் கேட்பது? பர்ச்சேஸில் எதற்கும் இருக்கட்டும் என்று 10 நாள் கூட்டிச் சொல்வார்கள், ஸ்டோர்ஸ் தன் பங்குக்கு இரண்டு நாள் ஏற்றும், போதாததற்கு சேஃப்டி டைம் என்று நானே வேறு 5 நாள் போட்டு வைத்திருந்தேன். அவரவர் பயத்தை அவரவர் கட்டத்தில் ஒளித்து வைத்திருக்கிறோம். யாரையும் கேட்காமல் ஒரு வருஷத்து பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) தேதியையும் சரக்கு வந்த தேதியையும் இறக்கிக் கழித்துப் பார்த்தேன். சராசரி எடுக்கவில்லை, சராசரி போட்டால் ஏறக்குறைய பாதித் தடவை லேட்டாகத்தான் வரும். பத்துக்கு எட்டுத் தடவை எத்தனை நாளுக்குள் வந்தது என்று பார்த்தேன். காஸ்டிங் 12, சீல் 75. எந்தப் பொருளை எந்த சப்ளையர் என்ன விலைக்கு, எத்தனை நாளில் தருவார் என்று வைத்திருக்கும் இன்ஃபோ ரெக்கார்டிலும் இதே எண்ணுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கையால் பி.ஓ. போடுபவருக்குப் பழைய 30 நாள்தான் வந்து நிற்கும்.

30-ஐ 12 ஆக்கியதும், 18 நாள் தள்ளி ஆர்டர் போட்டாலே போதும் என்று எம்ஆர்பி இரண்டரை வாரம் காஸ்டிங்குக்கு ஆர்டரே கேட்கவில்லை. ஃபவுண்டரிக்காரர் போன் செய்தார், "ஏனுங்க, நம்ம மேல ஏதாச்சும் கோபமுங்களா?"