வெல்டிங் ஓரத்தில் இரண்டு எண்கள்

எஞ்சிய தகைவு, அதாவது வெளிச்சுமை இல்லாமலேயே உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம், அதை அளக்கும் வேலையில் திரும்பத் திரும்ப வரும் சண்டை ஒன்று உண்டு. அதே வெல்டிங் ஓரத்தில் அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் எக்ஸ்ரே முறை ஒரு எண்ணைக் கொடுக்கும், துளை போட்டு அளந்தால் வேறொரு எண் வரும், இரண்டில் எது சரி என்று கேட்பார்கள். பெரும்பாலும் இரண்டுமே சரிதான். எந்த ஆழத்தில் அளந்தோம் என்று அறிக்கையில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள், கோளாறு அங்கேதான்.

உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். பக்கத்தில் அவ்வளவாகச் சூடேறாத பிளேட் அதை விடாது. அந்த இழுபறி அப்படியே உள்ளே தங்கிவிடுகிறது. வெல்டிங் நெடுக இழுவிசைத் தகைவு சில சமயம் யீல்டு வலிமையையே (உலோகம் நிரந்தரமாக நெளியத் தொடங்கும் அளவையே) எட்டிப்பிடிக்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் அதை ஈடுகட்ட அமுக்கத் தகைவு இருக்கும். சுமை ஏதும் ஏற்றாமலேயே இவ்வளவு! உட்புறத்தைப் படமெடுக்கும் ரேடியோகிராபியில் துளிக் குறை தெரியாத வெல்டிங்கிலும் இது இருக்கும்.

எனக்கு நம்பிக்கையான வழி துளை முறைதான். பரப்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ் மூன்று சேர்ந்த ரோசெட்டை ஒட்டி, அதன் நட்டநடுவில் சுமார் 2 மி.மீ. விட்டத்தில் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவோம். ஒவ்வொரு படி முடிந்ததும் நிறுத்தி, வெட்டிய சூடு அடங்கி எண் நகராமல் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமை இல்லையென்றால் மீதி எல்லாம் வீண். புதிதாக வருபவர்கள் திரையில் மைனஸ் எண் ஏறுவதைப் பார்த்ததும் அமுக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது இழுவை. விறைத்து நின்ற உலோகம் துளை விழுந்ததும் தளர்கிறது, அதனால்தான் மைனஸ். இன்னொரு விஷயம், தகைவு யீல்டு வலிமைக்கு மிக அருகில் போனால் துளையின் விளிம்பே நெளிந்து, கணக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். துளை முறைக்கான ஏஎஸ்டிஎம் ஈ837 தர ஆவணம் கனமான பிளேட்டுக்கு யீல்டு வலிமையில் 80 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான். வெல்டிங் ஓரத்தில் வேலை செய்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

சரி, எக்ஸ்ரேக்கு வருவோம். எஃகில் அது எட்டிப் பார்ப்பது சில மைக்ரான்தான். துளை 1 மி.மீ. வரை போகும். இடையில் கிரைண்டர் புகுந்திருந்தால் கதையே மாறிவிடும். பளபளவென்று தேய்த்துக் கொடுத்த பரப்பில் எக்ஸ்ரே காட்டுவது வெல்டிங்கின் தகைவையே அல்ல, தேய்த்த சூடும் அழுத்தமும் விட்டுப்போன தகைவை. மணல் வீசிச் சுத்தம் செய்திருந்தால் மேல்தோல் அமுக்கத்தில் இருக்கும், அதைப் பார்த்து வெல்டிங் பத்திரமாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது ஆபத்து, கொஞ்சம் கீழே இழுவை அப்படியே காத்திருக்கும். மின்வேதி முறையில் மேற்பரப்பை அரித்து எடுத்து, படிப்படியாக உள்ளே அளந்தால்தான் விவரம் புரியும். இதற்கு ஆகும் நேரத்தைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் அதிகம். ஆனால் சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் எவ்வளவு சீக்கிரம் வளரும் என்ற கணிப்பே அந்த எண்ணை நம்பித்தான் நிற்கப்போகிறது என்னும்போது அரைகுறையாக அளந்து கொடுக்க எனக்கு மனசு வருவதில்லை.

அதனால் இப்போதெல்லாம் வெல்டிங் தொடங்குவதற்கு முன்பே பேசிவிடுகிறேன்: அளக்கப்போகும் இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள், நான் வரும்வரை கிரைண்டர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.