பாஸ் இல்லாத இன்டர்னுக்கு நாடாளுமன்றத்தில் என்ன வேலை?

டெல்லியில் அரசியல் செய்திக்கு இன்டர்னாக வருகிற மாணவருக்கு செய்தியாளர் மாடத்துக்கு பாஸ் கிடைக்காது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் செய்தியாளர்களுக்குத் தரும் பிஐபி அட்டைக்கே பல வருட முழுநேர அனுபவம் கேட்பார்கள். எம்.பி.க்கள் வந்துபோகும் மகர வாயிலில் மைக் நீட்டுவது சீனியர்கள். அவர்கள் வாட்ஸ்அப்பில் தள்ளிவிடும் பைட்டை (பேட்டித் துணுக்கை) எழுத்தாக்குவதில் பாதி நாள் போய்விடும். இந்தி தெரியாவிட்டால் முழு நாளும் போகும்.

மீதிப் பாதியில்தான் இன்டர்ன் சொந்தமாகச் செய்தி பிடிக்க முடியும். மக்களவையில் 11 மணிக்குக் கேள்வி நேரம், 12 மணிக்கு, அவசரப் பிரச்சினைகளை எம்.பி.க்கள் எழுப்பும் பூஜ்ய நேரம். மாநிலங்களவையில் இது அப்படியே தலைகீழ். அவையை நேரலையாகக் காட்டும் சன்சத் டிவியில் எல்லோரும் பார்ப்பது, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகளை. மக்களவையில் ஒரு நாளைக்கு 20. அமளி வந்தால் அதுவும் கிடையாது. ஆனால் நட்சத்திரமில்லாக் கேள்விகள் 230 வரை இருக்கும். அவை நடந்தாலும் முடங்கினாலும் அவற்றுக்கான எழுத்துப்பூர்வ பதில்கள் மதியத்துக்கு மேல் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும். அவ்வளவையும் திறந்து பார்க்கப் பொறுமை இருக்கிற ஆள் அலுவலகத்தில் இன்டர்ன் ஒருவர்தான்.

பதிலைக் கீழிருந்து மேலாகப் படிப்பது நல்லது. மாநிலவாரிக் கணக்கு கடைசிப் பக்க இணைப்பில் இருக்கும். தமிழ்நாடு வரிசைக்கு ஓடுவதற்கு முன் அட்டவணையின் மேல் மூலையைப் பாருங்கள்: 'ரூபாய் கோடியில்' என்றா, 'லட்சத்தில்' என்றா? அங்கே கோட்டைவிட்டால் தொகை நூறு மடங்கு மாறிவிடும். அடுத்து, அட்டவணையில் 'அனுமதித்தது', 'விடுவித்தது', 'செலவானது' என்று மூன்று நெடுவரிசைகள் இருக்கும். மூன்றையும் 'ஒதுக்கீடு' என்று எழுதிவைத்தால் மறுநாள் மறுப்பு வரும். முதல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பெரும்பாலும் செய்தி.

'தகவல் மத்திய அளவில் பராமரிக்கப்படுவதில்லை' என்ற வரியைத் தாண்டிப் போகாதீர்கள். 2020 செப்டம்பரில், பொதுமுடக்கத்தில் ஊர் திரும்பும்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அப்படித் தரவு இல்லை என்று தொழிலாளர் அமைச்சகம் மக்களவையில் சொன்னது. நாடு முழுக்க அதுதான் தலைப்பு.

எழுதும்போது எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நட்சத்திரமில்லாக் கேள்விக்கு 'எம்.பி. அவையில் ஆவேசம்', 'அமைச்சர் பேசினார்' என்று போட்டுவிடுவது. அங்கே யாரும் வாயே திறக்கவில்லை! 'எழுத்துப்பூர்வமாகப் பதிலளித்தார்' என்பதுதான் சரி. பதில் தந்தவர் பெரும்பாலும் இணையமைச்சராக இருப்பார். பதிலின் தொடக்கத்தில் பெயர் இருக்கும். கேபினட் அமைச்சர் படத்தை வைத்துவிடாதீர்கள்.

நேரலையில் கேட்ட வார்த்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். உண்மையான அவைச் செய்திக்கு அரசியல் சாசனத்தின் 361ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் நீக்கிய சொல்லை அச்சிட்டால் உரிமை மீறல் தலைவலி. சீனியரைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம்.

கேள்வி கேட்ட எம்.பி.யின் கருத்து வேண்டுமென்றால் முதலில் அவருடைய பிஏவிடம் பேசுங்கள். "சார், இன்னைக்கு உங்க கேள்விக்குப் பதில் வந்திருக்கு, அனுப்பட்டுமா?" என்று ஆரம்பித்தால் போதும். பல நேரம் அந்தப் பதிலை அவர்களே இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். பத்து நிமிடத்தில் திருப்பி அழைப்பார்கள்.