ரெண்டு பேர் சேர்ந்து குடியிருந்தால்

எங்கள் மாடி போர்ஷனில் ரெண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவருக்கு நாற்பது இருக்கும், இளையவருக்கு முப்பதுக்குள். அக்கா தங்கை என்று ஓனரம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். முகஜாடையில் அப்படித் தெரியவில்லை, ஒன்றுவிட்ட உறவாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். வாடகை ஒன்றாம் தேதியே போய்விடும், லாரித் தண்ணீர் வரும் நாளில் எனக்கும் சேர்த்து ரெண்டு குடம் பிடித்து வைப்பார்கள், வீட்டில் மாவு தீர்ந்துபோனால் நான் கிண்ணத்தோடு மாடிக்குத்தான் போவேன். ஒன்றரை வருஷம் இப்படித்தான் போனது.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்தது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது, பாதிப் பேர் கையில் போன். இளையவர் துப்பட்டாவை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு படியில் தடுமாறி இறங்கினார். மூத்தவர் முகத்தை மறைக்கவில்லை. என் வாசலைத் தாண்டும்போது மட்டும் நின்று, "அக்கா, அடுப்புல பால் இருக்கு, கொஞ்சம் அணைச்சுடுங்க" என்றார். நான் மேலே ஓடிப் பார்த்தால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து வீடு முழுக்க கேஸ் வாடை. சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தேன். உள்ளே இருந்த ஆளை நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிட்டார்கள். கையில் ஹெல்மெட்டோடு இறங்கி வந்தார், எங்கள் கேட்டுக்கு எதிரேதான் பைக், ஏறிப் போய்விட்டார். தெருவில் ஒருத்தரும் அவரைப் படம் எடுக்கவில்லை.

மறுநாள் பேப்பரில் மூன்று வரி: புரோக்கர் கைது, அழகி மீட்பு. இந்த மாதிரிச் செய்தி என்றால்தான் நம் பத்திரிகைகளுக்குப் பெண் அழகியாகிவிடுவாள். இங்கே புரோக்கர் என்றது மூத்தவரை. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தது, அவ்வளவுதான். வாடகை, கேஸ், கரண்ட் எல்லாம் பாதிப் பாதி. நடுவில் மூன்றாவது ஆள் யாரும் கிடையாது என்று பல மாதம் கழித்து இளையவர் போன் பண்ணியபோதுதான் எனக்குத் தெரிந்தது. எதற்காகச் சேர்ந்து இருந்தார்கள் என்றும் சொன்னார். ஒருத்தர் அறையில் இருக்கும்போது மற்றவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார், உள்ளே சத்தம் ஒரு மாதிரியாகக் கேட்டால் கதவைத் தட்டுவார். அவர்களுக்கு இருந்த மொத்தப் பாதுகாப்பு அதுதான்.

அதைத்தான் சட்டம் குற்றம் என்கிறது. எனக்கு அதுவரை தெரியாது, உட்கார்ந்து படித்தேன். 1956ல் வந்து 1986ல் பெயர் மாறிய சட்டம் அது, நாம் விபச்சாரத் தடுப்புச் சட்டம் என்று சொல்வது. வயது வந்த ஒரு பெண் தன் இஷ்டப்படி, தனியாக, ஒரு வீட்டில் பணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்தால் குற்றம் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் விபச்சார விடுதி என்றால் என்ன என்று ஒரு விளக்கம் வைத்திருக்கிறது: இன்னொருவரின் லாபத்துக்காக நடக்கும் இடம், அல்லது இந்தத் தொழில் செய்யும் ரெண்டு பேரோ அதற்கு மேலோ தங்கள் பொதுவான லாபத்துக்காக நடத்தும் இடம். முதல் பாதி புரிகிறது, ஆள் வைத்துச் சம்பாதிப்பவனைப் பிடிக்கட்டும். ரெண்டாவது பாதிதான் எங்கள் மாடி. விடுதி நடத்தினால் முதல் தடவையே குறைந்தது ஒரு வருஷம், அதிகபட்சம் மூன்று வருஷம் கடுங்காவல். ஆக, ஒருத்தி தனியாக இருந்தால் ஆபத்து, ரெண்டு பேராக இருந்தால் கேஸ்.

மற்ற பிரிவுகளும் சளைத்தவை இல்லை. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல் இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் செய்தால் குற்றம். சென்னையில் ஒரு பிள்ளையார் கோயிலிலிருந்து 200 மீட்டர் தள்ளி யாராவது வீடு பார்த்துக் கொடுங்கள், நானே குடிபோகிறேன். தெருவில் ஆளைக் கூப்பிட்டால் பெண்ணுக்கு முதல் தடவை ஆறு மாதம் வரை, அதையே ஆண் செய்தால் ஏழு நாளிலிருந்து மூன்று மாதம். அப்புறம், இன்னொருவரின் இந்த வருமானத்தில் வாழும் 18 வயது தாண்டிய யாரும் குற்றவாளி, ரெண்டு வருஷம் வரை சிறை. குடித்துவிட்டு அடித்துப் பிடுங்கும் ஆளுக்குப் போட்ட பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் எழுதியிருக்கிறபடி பார்த்தால் அம்மா ஃபீஸ் கட்டிக் காலேஜுக்குப் போகும் பையனும் அதில் வருகிறான்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தபோது, பாலியல் தொழிலுக்கு அங்கீகாரம், இனிக் கைது கிடையாது என்றெல்லாம் செய்தி ஓடியது. 1999ல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்ட வழக்கிலிருந்து கிளைத்து வந்தது அது. நீதிமன்றம் அமைத்த குழு சொன்ன பரிந்துரைகளில் சிலவற்றுக்கு மத்திய அரசு ஆட்சேபம் தெரிவித்தது, சம்மதத்தோடு இருக்கும் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்பது அந்த ஆட்சேபத்தில் மாட்டியதுதான். மற்றதற்கு உத்தரவு கிடைத்தது. அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஆதார்: முகவரிச் சான்று இல்லாவிட்டாலும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி கையெழுத்துப் போட்டால் கார்டு கொடுக்கலாம். இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்றால், இந்தப் பெண்களுக்கு வீடு என்பது எவ்வளவு எட்டாத விஷயம் என்று பாருங்கள்.

மீட்பு என்கிறார்களே, மீட்டு எங்கே கொண்டுபோகிறார்கள்? காப்பகத்துக்கு. மாஜிஸ்திரேட் நினைத்தால் ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷம் வரை அங்கே வைத்திருக்கலாம், அந்தப் பெண் கேட்டாளா இல்லையா என்பது பேச்சில் இல்லை. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று 1986ல் முதலில் கண்டுபிடித்தது சென்னையில், அதுவும் இப்படிப் பிடித்து அடைத்து வைத்திருந்த பெண்களின் ரத்தத்தில். டாக்டர் சுனிதி சாலமன் சொல்லி அவருடைய மாணவி நிர்மலா அங்கே போய் ரத்தம் எடுத்து, வேலூர் சிஎம்சியில் சோதித்தார்கள். அந்த ரெண்டு பெண்மணிகளின் வேலையைக் குறை சொல்லவில்லை. ஊரில் ரெட் லைட் ஏரியா என்று ஒன்று இல்லாததால், இவர்களைத் தேடிப்போக அடைத்து வைத்த இடம்தான் இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

என் தோழி ஒருத்தியிடம் இதையெல்லாம் கொட்டினேன். "அப்போ லைசென்ஸ் குடுத்து, வாரா வாரம் செக்கப் வெச்சு, ஒரு ஏரியா ஒதுக்கிடலாம்ங்கிறியா?" என்றாள். இல்லை, அது வேறே. அதை வெள்ளைக்காரன் இங்கே செய்து பார்த்துவிட்டான். சிப்பாய்களுக்கு நோய் வருகிறது என்று 1868ல் ஒரு சட்டம் போட்டு, பெண்களைப் பதிவு செய்து, சோதித்து, நோயிருந்தால் லாக் ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்தான். சிப்பாயைப் பூட்டவில்லை. 1888ல் சட்டத்தை எடுத்தார்கள். நான் கேட்பது, தொழிலுக்கு முத்திரை குத்துவது இல்லை, குற்றப் பட்டியலிலிருந்து எடுப்பது.

அவள் விடவில்லை. வாங்க வருபவனை மட்டும் தண்டிக்கலாமே, ஸ்வீடனில் 1999லிருந்து அப்படித்தானே என்றாள். அந்த ஹெல்மெட் ஆளை நினைத்தால் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. சாக்கடைக்குள் ஆளை இறக்குபவனுக்குத்தானே தண்டனை, இறங்குகிறவருக்கு இல்லையே, அந்த நியாயம்தான். ஆனால் நார்வேயும் அதே வழிக்குப் போனது, அங்கே நடந்ததைப் படித்தபோது மனசு மாறியது. ஆஸ்லோ போலீஸ் 2007லிருந்து சில வருஷம் ஒரு நடவடிக்கை எடுத்தார்கள், பெயரே 'வீடிழந்தோர்' என்று அர்த்தம் வரும். இந்தப் பெண்களுக்கு வீடு கொடுத்தால் நீங்களும் குற்றவாளி என்று ஓனர்களை மிரட்டிக் காலி பண்ண வைத்தார்கள். பெண்ணைத் தண்டிக்கவில்லை என்ற பெயரும் வந்துவிட்டது, அவள் சாமான் தெருவுக்கும் வந்துவிட்டது.

நியூசிலாந்து இதை வேறு மாதிரிச் செய்தது. 2003ல் நாடாளுமன்றத்தில் 60க்கு 59 என்று, ஒருவர் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதால் தப்பித்து நிறைவேறிய சட்டம். நாலு பெண்கள் வரை சேர்ந்து, மேலே முதலாளி யாரும் இல்லாமல், ஒரு வீட்டில் தொழில் செய்தால் லைசென்ஸ்கூட வேண்டாம். 2014ல் அங்கே ஒரு பெண் தன் முதலாளி ஆபாசமாகப் பேசித் தொல்லை கொடுத்தார் என்று தீர்ப்பாயத்துக்குப் போய் 25,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். அங்கேயும் ஓட்டை இருக்கிறது, தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்கள் பழையபடி பயந்துதான் இருக்கிறார்கள்.

கடத்தல்? சின்னப் பெண்கள்? அதற்கான பிரிவுகளில் ஒரு வரியையும் யாரும் எடுக்கச் சொல்லவில்லை, போக்சோ அப்படியே இருக்கட்டும். சொல்லப்போனால் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தையை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் தெரியவருவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான், ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னால் தானே உள்ளே போய்விடுவோம் என்று இருக்கும்வரை எவள் போவாள்? வறுமையில் வருகிற சம்மதம் சம்மதமா என்று கேட்டால், பாதிதான் என்று சொல்வேன். அந்த மீதிப் பாதியை வீட்டைப் பிடுங்கிச் சரிசெய்ய முடியாது.

மூத்தவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, கேஸ் இன்னும் நடக்கிறது. அட்வான்ஸ் பணத்தில் பெயின்ட் அடிக்க என்று ஓனரம்மா ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். இளையவர் இப்போது ஊருக்கு வெளியே ஒரு அறையில் இருக்கிறாராம். தனியாகத்தான், வக்கீல் அப்படித்தான் இருக்கச் சொன்னாராம். "ஹால்ல டிவியை சத்தமா வெச்சுட்டுப் போறேன் அக்கா, யாரோ இருக்காங்கன்னு நினைச்சுப்பாங்கல்ல" என்றார்.