கான்கிரீட் சுவரின் பொந்தில் ஜாயிஸ்ட்: 12க்கு 20 அடிப் பட்டறையின் தள வேலைக் குறிப்பு

இடம் கனடாவின் தெற்கு ஒன்டாரியோ. வீட்டுக்குப் பின்புறம் 12 அடிக்கு 20 அடியில் ஒரு மரப் பட்டறை, நகராட்சி அனுமதியோடு. உறைபனி இறங்கும் ஆழத்தைக் கணக்கில் எடுத்து அடிமானம் தரைக்குக் கீழே 1.2 மீட்டரில் இருக்கிறது. அதன் மேல் 200 மி.மீ. தடிப்பில் கான்கிரீட் சுவர். சுவரின் தலை வெளித்தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் நிற்கும். இந்தக் குறிப்பு தளத்தைத் தாங்கும் ஜாயிஸ்ட் கட்டைகளைப் பற்றி மட்டும்.

வழக்கமான முறையில் சுவரின் தலையில் சில் பிளேட் என்னும் மரச்சட்டத்தைப் படுக்கவைத்து, அதன் மேல் ஜாயிஸ்டை ஏற்றுவார்கள். வேலை சுலபம். ஆனால் 38 மி.மீ. பிளேட், 235 மி.மீ. ஜாயிஸ்ட், 19 மி.மீ. பிளைவுட் எல்லாம் சேர்ந்தால் தளம் வெளித்தரையிலிருந்து 492 மி.மீ. மேலே போய்விடும். எந்திரங்களைச் சக்கரத்தில் உருட்டி ஏற்ற, எட்டுக்கு ஒன்று சரிவு வைத்தாலும் நாலு மீட்டர் சாய்தளம் வேண்டும். ஜாயிஸ்டைச் சுவருக்குள் இறக்கிவிட்டால் தளம் 225 மி.மீ. உயரத்தோடு நின்றுவிடும், சாய்தளமும் பாதிக்குக் குறைவாகச் சுருங்கும். இந்த உயரக் கணக்கு இல்லாவிட்டால் மரத்தைக் கான்கிரீட்டுக்குள் கொண்டுபோக ஒரு காரணமும் கிடையாது.

உள்ளே இறக்க இரண்டு வழிகள். ஒன்று, கான்கிரீட் போடும் முன்பே ஜாயிஸ்ட்களைச் சென்ட்ரிங் மேல் அடுக்கி, முனைகளைச் சுற்றிக் கான்கிரீட்டை ஊற்றிவிடுவது. கனடாவின் கட்டட விதி இதை ஒப்புக்கொள்கிறது. சட்டகத்தை அடித்தளத்தோடு பிணைக்கும் வழியாகவும், சுவரின் தலை உள்ளே சாயாமல் பிடித்துக்கொள்ளும் வழியாகவும் அதையே எண்ணுகிறது. முழு ஆழ பேஸ்மென்ட் உள்ள பழைய வீடுகளில் பார்க்கலாம். அதன் குறை என்னவென்றால், ஈரக் கான்கிரீட் மரத்தின் வெட்டுமுகத்தில் நேராக ஒட்டிவிடுகிறது. மரம் நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த வெட்டுமுகத்தின் வழியாகத்தான். பக்கவாட்டில் உறிஞ்சுவது அதில் சிறு பங்கு. பிறகு முனை இற்றுப்போனால் சுவரை உடைக்காமல் கட்டையை மாற்ற முடியாது.

இரண்டாவது வழி, சுவரில் பொந்து விட்டு, கான்கிரீட் இறுகிய பின் கட்டையை உட்காரவைப்பது. இங்கே செய்தது இதுதான்.

பொந்தின் அளவு

விதி கேட்பது இது: கான்கிரீட்டுக்குள் நுழையும் கட்டையின் அடிப்பக்கம் தரைமட்டத்திலோ அதற்குக் கீழோ இருந்தால், முனைக்கு மரம் இற்றுப்போகாமல் காக்கும் மருந்து வேண்டும், இல்லையேல் முனையிலும் பக்கங்களிலும் 12 மி.மீ. காற்றிடம் வேண்டும். இந்தப் பட்டறையில் கட்டையின் அடி வெளித்தரைக்கு 30 மி.மீ. கீழே இருக்கிறது. அதனால் இரண்டையும் செய்துவிடுவது என்று முடிவு.

"இரண்டுக்குப் பத்து" என்று கடையில் விற்கும் கட்டையின் உண்மையான அளவு 38க்கு 235 மி.மீ. இரு பக்கமும் 12 விட்டால் பொந்தின் அகலம் 62. ஆழம் 100: அதில் பின்னால் காற்றிடம் 12, மீதி 88 கட்டைக்கு. உயரம் 255, மேல்பக்கம் திறப்பு. மேலே மூடிய பொந்தாக விட்டால் கட்டையை நேராக உள்ளே இறக்க முடியாது. ஒரு பக்கப் பொந்தை இரண்டு மடங்கு ஆழமாக்கிச் சாய்த்துத்தான் செருக வேண்டும்.

சுவரில் கட்டை அமரும் நீளம் குறைந்தது 76 மி.மீ. என்று அமெரிக்க விதியில் இருக்கிறது. இதைச் சுமைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு முனையில் இறங்குவது சுமார் 160 கிலோ. அதைத் தாங்க 76 மி.மீ. தேவையே இல்லை. கான்கிரீட்டின் விளிம்பு பெயர்வது, பொந்து இடம் மாறிப்போவது, கட்டை ஒரு பக்கம் நகர்வது, இவற்றுக்கெல்லாம் விட்ட இடம்தான் அது.

ஃபோம் கட்டிகள்

ஜாயிஸ்ட் மொத்தம் 15, பொந்து 30. பொந்து வேண்டிய இடத்தில் கான்கிரீட் புகாமல் அடைப்பது ஃபோம் கட்டி. நீல நிற எக்ஸ்.பி.எஸ். (கெட்டியான பாலிஸ்டைரீன்) ஃபோமில் 50 மி.மீ. பலகையும் 12 மி.மீ. பலகையும் ஒட்டினால் சரியாக 62 வருகிறது. உள்பக்கச் சென்ட்ரிங் பிளைவுட்டில் மையத்துக்கு மையம் 406 மி.மீ. குறித்து, வெளியிலிருந்து ஒரு கட்டிக்கு இரண்டு நீள ஸ்குரூ.

உள்நீளம் 5,690 மி.மீ. முதல் ஜாயிஸ்டின் மையத்திலிருந்து கடைசி ஜாயிஸ்டின் மையம் வரை 5,628. அதை 14 சம பாகமாகப் பிரித்தால் 402 வருகிறது, பார்க்க அழகாக இருக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. பிளைவுட் ஷீட்டின் நீளம் 2,438. அது 406இன் ஆறு மடங்கு. 402இல் வைத்தால் ஷீட்டின் முனை ஜாயிஸ்டின் மையத்தைத் தாண்டி 26 மி.மீ. வெளியே போய் அந்தரத்தில் தொங்கும், ஒவ்வொரு ஷீட்டையும் அறுக்க நேரும். ஒரு முனையிலிருந்து 406 என்றே போய், கடைசி இடைவெளியைச் சிறியதாக (345) விட்டதுதான் சரியாக வந்தது.

கம்பி வைக்கும்போது பார்க்க வேண்டியது: சுவரின் தலைக் கம்பி வெளிப்பாதியில், பொந்துகளுக்குப் பின்னால் ஓட வேண்டும். பொந்துகளுக்குக் கீழே இன்னொரு கம்பி. விரிசல் தொடங்கும் இடம் பொந்தின் கீழ் மூலை.

காற்றோட்டத் துவாரங்களை முதலில் குட்டைச் சுவர்களில்தான் வரைந்திருந்தது. அங்கே கடைசி ஜாயிஸ்ட் சுவரிலிருந்து 12 மி.மீ. தள்ளி, துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கான்கிரீட்டுக்கு முன்பே கண்ணில் பட்டதால் நீளச் சுவருக்கு மாற்றியாயிற்று: 200க்கு 100 மி.மீ. அளவில் நான்கு, பொந்துகளுக்கு இடையில். 50 சதுர மீட்டர் தளத்துக்கு 0.1 சதுர மீட்டர் திறப்பு என்பது விதி. இந்தத் தளத்துக்கு 0.037 போதும், வலையால் குறைவது போகவும் மிச்சம் இருக்கிறது.

கான்கிரீட் போட்ட நாள்

சுவருக்குக் கணக்கு 4.7 கன மீட்டர், வரவழைத்தது 5. ஃபோம் கட்டி மிதக்கும் என்பதை அனுபவமுள்ளவர்களும் குறைத்து எடைபோடுவார்கள். ஒரு கட்டியின் கொள்ளளவு ஒன்றரை லிட்டர். ஈரக் கான்கிரீட் அதைச் சுமார் மூன்றரைக் கிலோ விசையோடு மேலே தள்ளும். ஸ்குரூ பிடித்திருப்பது மெத்தென்ற ஃபோமில். அதனால் கட்டிகளின் தலைக்கு மேலே சென்ட்ரிங்கின் குறுக்கே ஒரு சட்டம் அடித்து அழுத்தி வைக்க வேண்டும். 30இல் இரண்டு கட்டிகள் 6 மி.மீ. எழும்பியிருந்தன, இரண்டிலும் மேல்சட்டம் கட்டியைத் தொடாமல் இடைவெளி விட்டிருந்தது.

அடுத்த சங்கடம், கட்டியின் அடியில் காற்று சிறைப்படுவது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொட்டினால் தட்டையான அடிப்பாகத்துக்குக் கீழே காற்று மாட்டிக்கொள்ளும், கட்டை அமர வேண்டிய இடமே தேன்கூடாகிவிடும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கொட்டி, மறுபக்கம் கான்கிரீட் எழும்பி வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே நிரப்ப வேண்டும். வைப்ரேட்டர் கட்டியைத் தொடக் கூடாது. தொட்டால் ஒட்டிய இரு பலகைகளும் பிரியும்.

தலையில் 12.7 மி.மீ. ஆங்கர் போல்ட் 14, எல்லாம் பொந்துகளுக்கு நடுவில். பொந்துக்குப் பின்னால் இருப்பது 100 மி.மீ. கான்கிரீட்தான், அங்கே போல்ட் வைத்தால் முறுக்கும்போது பிளந்துவிடும்.

கிரவுட் மேடை

சென்ட்ரிங் பிரித்ததும் ஃபோமைச் சுரண்டி முழுவதும் எடுக்க வேண்டும். "உள்ளே கொஞ்சம் இருந்தால் என்ன" என்று விட்டால், விட்ட அந்தத் துண்டு காற்றிடத்தை அடைக்கும், தச்சு எறும்பு அதில் கூடு வைக்கும்.

பொந்தின் அடியை அப்படியே நம்பி ஜாயிஸ்டை வைக்கக் கூடாது என்பதால்தான் கட்டைக்கு அடியில் 25 மி.மீ. இடம் விட்டது (கட்டையின் தலை கான்கிரீட்டைவிட 5 மி.மீ. எழும்பி நிற்கும்). அதில் சுருங்காத கிரவுட்டால் (சிமென்ட் கலவை) ஒரு மேடை: அகலம் 40, நீளம் 78, உயரம் 24 மி.மீ. லேசர் கோட்டுக்கு எல்லா மேடைகளும் ஒரே மட்டம். மேடை பொந்தின் முழு அகலத்துக்கும் இல்லாதது வேண்டுமென்றே செய்தது. கூரை ஏறும் வரை மழை பெய்தால் ஒவ்வொரு பொந்தும் ஒரு கிண்ணம். மேடையின் இருபுறமும் 11 மி.மீ. வாய்க்கால் இருந்தால் தண்ணீர் உள்பக்கம் வழிந்துவிடும். முன்விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி மேடை தொடங்கினால், பாரம் ஏறும்போது சுவரின் விளிம்பு பெயராது. 30 மேடைகளுக்கும் சேர்த்து இரண்டேகால் லிட்டர் கிரவுட்தான் ஆகிறது. மொத்தமாகக் கலக்காமல் ஆறு ஆறாகக் கலப்பது நல்லது; கால் மணி நேரத்தில் கட்டிபட ஆரம்பித்துவிடுகிறது.

கட்டைகள்

பொந்தின் பின்சுவர்களுக்கு இடையே 3,454 மி.மீ. அதில் இருபுறமும் 12 கழித்து ஜாயிஸ்டின் நீளம் 3,430. 12 அடிக் கட்டையில் வெட்டினால் ஏறக்குறைய ஒரு சாண் மிஞ்சும்.

காப்பு மருந்து ஏற்றிய கட்டையை வாங்கினாலும், வெட்டியதும் உள்ளே மருந்து ஏறாத மரம் வெளியே வந்துவிடும். வெட்டிய ஒவ்வொரு முனையையும் 2 சதவீதத் தாமிர நாப்தனேட்டில் கால் மணி நேரம் நிற்கவைத்து எடுப்பது பயன் தரும். தூரிகையால் ஒருமுறை தடவிவிட்டுப் போவது போதாது.

மேடைக்கும் கட்டைக்கும் நடுவில் பிட்டுமன் ஒட்டுப்படலம் ஒரு துண்டு, அடியில் மட்டும். முனையைப் பொட்டலம் போலச் சுற்றிக் கட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அது கட்டையைக் காப்பதற்குப் பதில் கொல்லும். ஈரம் ஏதோ ஒரு வழியில் உள்ளே போகத்தான் செய்யும், சுற்றிக் கட்டினால் வெளியேற வழி இருக்காது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை பிடிக்காது. சென்னையின் பழைய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீடுகளில் தேக்குக் கட்டை நடுவில் வைரம் போல இருக்க, சுவருக்குள் போன ஒரு சாண் மட்டும் மாவாகக் கொட்டுவதும் இதே காரணத்தால்தான்.

ஒவ்வொரு கட்டையையும் ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்து, வில் எழும்பிய பக்கம் மேலே இருக்குமாறு இறக்க வேண்டும். ஜாயிஸ்டின் தலை கான்கிரீட்டின் தலையைவிட 5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. இது பிழை இல்லை. ஈரமானியில் கட்டைகள் 15 முதல் 17 சதவீதம் காட்டின. பட்டறைக்குள் 11 வரை காயும் என்று வைத்தால், ஊசியிலை மரம் நாலு சதவீத ஈரத்துக்கு ஒரு சதவீதம் சுருங்கும் கணக்கில் உயரம் சுமார் 3 மி.மீ. குறையும். சூடேற்றும் வீட்டில் 19இலிருந்து 8க்கு இறங்கினால் ஆறரை மி.மீ. கான்கிரீட்டோ இறங்காது. தலைகளைச் சமமாக வைத்துவிட்டால் அடுத்த ஆண்டு சுவரோரம் தளம் மேடாகித் தெரியும். பிளைவுட்டைச் சுவரின் அடிப்பிளேட்டோடு ஆணியடிக்காமல் 10 மி.மீ. விலக்கி நிறுத்தியதும் இதனால்தான்.

பொந்தில் பக்கவாட்டுப் பிடி இல்லாததால் கட்டை முறுக்கிக்கொள்ளும். சுவரோரம் ஒவ்வொரு இடைவெளியிலும் 368 மி.மீ. அடைப்புக்கட்டை அடித்தது (கடைசிக் குறுகிய இடைவெளியில் மட்டும் 307 மி.மீ.). துவாரம் உள்ள நான்கு இடங்களில் மட்டும் 38க்கு 38 சட்டத்தைப் பெருக்கல் குறி போலக் கொடுத்தாயிற்று, காற்று போக வேண்டுமே. நடுவிலும் ஒரு வரிசை.

தளர்வாக உட்கார்ந்த ஜாயிஸ்ட் சுவரின் தலையைப் பிடித்துக்கொள்ளாது. 12 மி.மீ. காற்றிடம் இருக்கும் வரை சுவர் அதற்குள் சாயலாம். இங்கே வெளிமண் உள்மண்ணைவிட அரை மீட்டர்தான் உயரம் என்பதால் பயமில்லை. இருந்தாலும் நாலு கட்டைக்கு ஒன்றில் எல் வடிவக் கால்வனைஸ்டு தகடு வைத்து, உள்சுவரில் கான்கிரீட் ஸ்குரூவால் இறுக்கியிருக்கிறது. கட்டையில் போகும் ஸ்குரூக்கள் அடிப்பக்கம் ஒட்டி. மேலே போட்டால் மரம் சுருங்கும்போது தகட்டில் தொங்கிக்கொண்டு மேடையைவிட்டு எழும்பிவிடும். முழு பேஸ்மென்டுக்கு இந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே சில் பிளேட்டும் போல்ட்டும்தான், அல்லது பொறியாளர் கணக்குப் போட்ட பிணைப்பு.

தளத்துக்குக் கீழே மண் மேல் 0.15 மி.மீ. பாலித்தீன், 300 மி.மீ. மேற்பொருத்தி, மேலே சரளை. வெளியே மண் நிரப்பியது பிளைவுட் முழுவதும் அடித்த பிறகு.

காற்று வருகிறது என்று பொந்துகளை ஸ்ப்ரே ஃபோமால் அடைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். விதியும் அதைத் தடுக்கிறது. முனையைத் தொடாமல், அடைப்புக்கட்டைக்கு உள்பக்கமாகத் தளத்தின் அடியில் வெப்பக் காப்பு கொடுக்கலாம். இந்தப் பட்டறையில் அது குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை. அதற்குள் ஆறு பொந்துகளில் ஈரமானியின் ஊசியை மாதம் ஒருமுறை முனையில் குத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. வடக்குச் சுவரின் இரண்டு மூலைகளும் அந்த ஆறில் உண்டு.